காற்றில் மாட்டிய மோட்டார்

ஜூன் 3, செவ்வாய்

பேரிங் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை மாதம் ஃப்ரிட்ஜ் மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. இன்றைக்குத் துடைத்து எடுத்துவிட்டேன். வாய்விட்டுப் புலம்பினால் வீட்டுக்காரி வசந்தாமணிக்குக் கேட்டுவிடுகிறது. எழுதினால் கேட்காது.

காலையில் அவளை ஆட்டோவில் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் சந்து முனையைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் சட்டைப்பையில் போன் டிங் டிங்கென்று அடித்தது. நேற்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்களாம். நேற்று மதியம் நான் வீட்டில்தான் இருந்தேன். போன் என் கையில்தான் இருந்தது. ஒரு முறைகூட அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரவீணா என்று ஒரு பெண். தானமாக வரும் கிட்னி யாருக்குப் பொருந்தும் என்று பார்த்துக் கூப்பிடுவது அவள் வேலை. வசந்தாமணியைப் படுக்கையில் விட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

"நேத்து ஒண்ணு வந்துச்சுங்க அங்கிள். ஆன்ட்டி ரெண்டாவது இடத்துல இருந்தாங்க. முதல் ஆளுக்கே பொருந்திப்போச்சு, அதனால நமக்கு ஒண்ணும் நஷ்டமில்லீங்க. ஆனா அடுத்த தடவை லைன் கிடைக்கலைன்னா ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது. அடுத்தவங்களுக்குப் போயிரும்."

அந்த முதல் ஆள் யாரோ, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். அவருக்குப் பொருந்தாமல் போயிருந்தால் என் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்க முடியாது.

வசந்தாமணியிடம் சொல்லவில்லை. "ஏனுங்க, மூஞ்சி எதுக்கு இப்படி இருக்குது?" என்றாள். வெயில் என்றேன்.

ஜூன் 4, புதன்

மோட்டார் பட்டறைக்குப் போகாமல் வீட்டுக்குள் சிக்னல் தேடினேன். சமையலறையில் இல்லை. படுக்கையறையில் இல்லை. பூஜை அறையில் சாமியே கூப்பிட்டாலும் லைன் கிடைக்காது. துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றால் ஒரு கட்டம் காட்டுகிறது. கல் மேலேயே குடித்தனம் பண்ண முடியுமா?

சந்து முனையில் எட்டு மாடிக் கட்டடம் வந்த நாளிலிருந்து இந்தக் கதிதான். டவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு கம்பெனி நம்பர் கொடுத்திருக்கிறோம், இரண்டும் ஒரே லட்சணம். இனி எதற்கு என்று லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்த மகானுபாவன் நானேதான். கம்பெனிக்குப் புகார் சொல்லக் கூப்பிட்டால் ஒரு மெஷின் என் அழைப்பு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறது.

மதியம் பீர்க்கங்காய்க் கூட்டு. கிட்னி நோயாளிக்குக் காயைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ருசியும் அதோடு சேர்ந்து போய்விடும். குடிக்கிற தண்ணீரும் அளந்துதான், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். "நல்லா இருக்குது" என்று சாப்பிட்டாள். பொய் சொல்லவே தெரியாதவள், எனக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

தெய்வமே, ஒரு வழி கிடைத்தது.

டவுனில் ஒரு கடையில் பூஸ்டர் என்று ஒரு பெட்டி விற்கிறான். மொட்டை மாடியில் ஓர் ஆண்டெனா. அது டவரிலிருந்து வரும் சன்னமான சிக்னலைப் பிடித்துப் பெட்டிக்குக் கொடுக்கும். பெட்டி அதைப் பெரிதாக்கி வீட்டுக்குள் இருக்கும் இன்னோர் ஆண்டெனாவுக்கு அனுப்பும். நாம் பேசுவது அதே வழியில் திரும்பிப் போகும். எல்லாக் கம்பெனிக்கும் ஆகும் என்றான். லைசென்ஸ் கிசென்ஸ் ஏதாவது வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "டி.வி.க்கு லைசென்ஸ் வாங்கறீங்களாண்ணா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

மாடியில் நானே மாட்டினேன். வயர் போதவில்லை, அதனால் இரண்டு ஆண்டெனாவும் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில்தான். பெட்டியில் சிக்னலைக் கூட்ட ஒரு திருகு இருந்தது. முப்பது வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன் நான். திருகைப் பார்த்தால் பாதியில் விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் திருப்பினேன்.

படுக்கையறையில் நாலு கட்டம்! வசந்தாமணி கட்டிலில் படுத்தபடியே தாராபுரத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டு, அவள் மாமியாரைப் பற்றி விலாவாரியாகப் பேசினாள். எத்தனை நாளாயிற்று அவள் குரல் அப்படிக் குதித்து. அந்தக் கடைக்காரன் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

டயாலிசிஸ். திரும்பி வந்ததும் தூங்கினாள். நாலு கட்டம். வேறென்ன வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி வாசலில் நின்று போனில் "ஹலோ... ஹலோ..." என்று சந்து அதிரக் கத்திக்கொண்டிருந்தான். கால் டாக்சி ஓட்டுகிறான். போனில் சவாரி விழுந்தால்தான் அவனுக்குச் சோறு. முன்பெல்லாம் அவன் வாசலில் நன்றாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது, இப்போது ஏனோ தகராறு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. கார்ப்பரேஷன் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினான். அவன் வீட்டுத் தொட்டி வழியும், அடுத்த வீடுகளில் குழாய் காற்றுவிடும். அவனைப் பார்த்து இன்னும் நாலு வீட்டில் மாட்டினார்கள். கடைசியில் மோட்டார் உள்ள வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. நான்தான் புகார் கொடுத்து ஆபீசரை வரவழைத்து, ஊர் பார்க்க அவன் மோட்டாரைக் கழற்ற வைத்தேன். கழற்றிப் போட்ட பிறகுதான் பார்த்தேன், அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியது என் பட்டறை. அதுவேறு மானக்கேடு.

ஜூன் 27, வெள்ளி

சந்தில் யாருக்குமே போன் சரியில்லையாம். எங்கள் வீட்டில் மட்டும் கிடைக்கிறது என்று தெரிந்து மூன்று பேர் வந்து பூஸ்டர் கடை விலாசம் கேட்டார்கள். பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். மாலையில் துணி எடுக்க மாடிக்குப் போனால் நாலு வீட்டு மாடியில் ஆண்டெனா. அதில் ஒன்று திருமூர்த்தி வீடு. என் வழியில் வந்த ஆட்கள்!

இன்று வசந்தாமணிக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைவு. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

ஜூலை 5, சனி

என்ன எழவு இது. நாலு கட்டம் அப்படியே இருக்கிறது, பேச்சு மட்டும் போகவில்லை. நான் பேசுவது துண்டு துண்டாகப் போகிறது என்று தாராபுரத்தில் சொல்கிறார்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் இரண்டு தடவை கிடைக்கிறது. திருகை இன்னும் திருப்ப இடமில்லை.

டயாலிசிஸில் பாதியில் வசந்தாமணிக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கண் சொருகி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. நர்ஸ்கள் ஓடிவந்து காலைத் தூக்கிவைத்து என்னமோ ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கோடிப் புண்ணியம். நான் வெளியே வந்து டீ குடித்தேன். காசு கொடுக்காமலே திரும்பிவிட்டேன், கடைக்காரர் பின்னாலேயே வந்து வாங்கிக்கொண்டார்.

டாக்டர் சொன்னார்: சீக்கிரம் கிடைத்தால் நல்லது.

ஜூலை 9, புதன்

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

காலையில் சந்துக்குள் ஒரு வெள்ளை ஜீப். அதிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். கையில் மீன் முள் மாதிரி ஓர் ஆண்டெனா, கழுத்தில் ஒரு சின்ன டப்பா. ஆண்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே நடந்தார். சந்து முனையில் ஆரம்பித்தவர், நேராக என் கேட்டில் வந்து நின்றார்.

பெயர் கிளாடிஸ். வயர்லெஸ்ஸைக் கண்காணிக்கிற மத்திய அரசு ஆபீசில் அதிகாரி. பேச்சில் திருநெல்வேலி வாசனை.

"சார், உங்க மாடியில பூஸ்டர் இருக்கு. இருக்கா இல்லையான்னு கேக்கல, இருக்குன்னு சொல்லுதேன். ரெண்டு கம்பெனிக்காரங்களும் டவர் வேலை செய்யலன்னு புகார் குடுத்திருக்காங்க."

"டவர் வேலை செய்யலைன்னுதானுங்க நான் பூஸ்டரே வாங்குனேன்!"

"அதைத்தான் கெடுத்துட்டீங்க. மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டுபோனா கீச்சுன்னு கத்தும்லா? உங்க ரெண்டு ஆண்டெனாவும் பக்கத்துல பக்கத்துல இருந்து அப்படித்தான் ராப்பகலா கத்திக்கிட்டு இருக்கு. டவர் காதுல அது ஒண்ணுதான் விழுது. மத்தவங்க பேசுறது எதுவும் விழல. நீங்க பாக்குற நாலு கட்டம் டவர் பேசுறது. நீங்க பேசுறது அதுக்குக் கேக்கணும்லா?"

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில் என் காசில் வாங்கியது, யார் கேட்பது என்றேன். அவர் கோபப்படவில்லை. அலைவரிசையை அரசாங்கம் ஏலம் விட்டு, லைசென்ஸ் போட்டுக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது, அந்த அலையில் வேறு யாரும் கருவி வைக்கக் கூடாது, வைத்தால் குற்றம் என்றார்.

"காத்துக்குமா பட்டா போட்டுக் குடுத்துப்போட்டீங்க?"

"காத்துக்கு இல்ல சார், அலைக்கு. இருக்கிறது கொஞ்சம். ஆளாளுக்கு இழுத்தா ஒருத்தருக்கும் கிடைக்காது."

இதைக் கேட்டதும் எனக்குத் திருமூர்த்தியின் மோட்டார் ஞாபகம் வந்தது. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. நான் செய்தது வேறென்ன? ஊர்க் குழாயில் மோட்டாரை மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அவனாவது தண்ணீரோடு நிறுத்தினான். நான் காற்றில் மாட்டிவிட்டேன். அடுத்தவர்களுக்குக் கடை விலாசமும் கொடுத்திருக்கிறேன்.

"முதல்ல பெட்டியை ஆஃப் பண்ணுங்க" என்றார்.

சுவிட்ச் முன்னால் போய் நின்றேன். கை எழவில்லை. அம்மா, வீட்டில் இப்படி இப்படி, எந்த நிமிஷமும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரலாம், அணைத்தால் ஒரு கட்டம்கூட இருக்காது என்று என்னமோ உளறினேன். அந்த அம்மா முகம் மாறியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "இப்பவும் வராது சார். அதான் சொல்லுதேன்" என்றார்.

அதற்குள் வசந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. டக்கென்று சுவிட்சை அணைத்தாள்.

"ஏம்புள்ள!" என்று கத்திவிட்டேன்.

"பின்னெ? இந்தச் சந்துல நாம மட்டுமா போனுக்குக் காத்துக்கிட்டு இருக்கறோம்? அடுத்த ஊட்லயும் யாராச்சும் ஒருத்தரு இருப்பாங்கல்ல?" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்தாள். கிளாடிஸ் அம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

டப்பாவில் பார்த்தால் இன்னும் நாலு வீட்டில் ஓடுகிறது. அத்தனையும் நின்றால்தான் டவர் காது திறக்கும். நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். "வெள்ளிக்கிழமை காலையில வருவேன். தானா கழட்டிக் குடுத்தா அப்படியே ரிப்போர்ட் எழுதிக்கிடுதேன்" என்றார். என் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். அபராதம் வருமாம். வரட்டும். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "லைசென்ஸ் வாங்குன கம்பெனிக்குச் சிக்னல் குடுக்கிற கடமையும் இருக்கு சார். இந்தச் சந்துல சிக்னல் கிடையாதுன்னு நான் எழுதுதேன். வந்து பாக்கச் சொல்லுதேன்."

பிடிக்க வந்தவருக்குக் கை கூப்பி நன்றி சொன்னது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஜூலை 10, வியாழன்

மூன்று வீட்டில் சுலபமாக முடிந்தது. கொஞ்சம் திட்டினார்கள், கழற்றிவிட்டார்கள். திருமூர்த்தி வீட்டுக்கு மட்டும் கால் போகவில்லை. இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வசந்தாமணி ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது தடவை அவனே கார் துடைக்க வெளியே வந்துவிட்டான்.

"திருமூர்த்தி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்ப்பா" என்று ஆரம்பித்து, முதலில் மாட்டியது நான்தான் என்பது வரைக்கும் மறைக்காமல் சொன்னேன்.

துணியை வீசி எறிந்தான். "அப்ப நீங்கதானா? ஒரு மாசமா என்ற பொழப்பே போச்சுங்ணா! சவாரி விழுந்தா எடுக்கறதுக்குள்ள கட்டாயிருது. போனு கோளாறுன்னு புதுப் போனு வாங்குனேன். என்ற மோட்டாரை மட்டும் ஊரைக் கூட்டிக் கழட்டுனீங்கல்லோ?"

"ஆமா" என்றேன். 

"உங்களுக்கு எதுக்குங்க பூஸ்டரு? இந்த வயசுல யாரு கூப்புடறாங்க உங்களை?"

சொன்னேன். இரண்டு கிட்னியும் போய்விட்டது, ஒரு போனுக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று. சந்தில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சுகர் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

அவன் குனிந்து துணியை எடுத்தான். கார் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான். "வாரத்துல மூணு நாளு அக்காவை ஆட்டோவுல கூட்டிக்கிட்டுப் போறீங்க. பக்கத்துல கார் வெச்சிருக்கறவன் நானு. பேச்சுவார்த்தை இல்லைன்னா இதைக்கூடவா சொல்லக்கூடாதுங்ணா?"  

பிறகு அவனே சொன்னான்: "என்ற நம்பரை ஆஸ்பத்திரியில குடுங்க. நான் பகல் பூரா ரோட்டுலதான் இருப்பேன், எங்கியாச்சும் சிக்னல் இருந்துக்கிட்டேதான் இருக்கும்."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்காது. ஆறு வருஷமாக அந்தப் பக்கமே திரும்பவில்லையே.

ஜூலை 11, வெள்ளி

நாலு பெட்டியும் கிளாடிஸ் அம்மா ஜீப்பில் ஏறின. ஏற்றிக் கொடுத்தது திருமூர்த்தி. மதியத்துக்குள் சந்தில் எல்லாருக்கும் போன் வர ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் இன்னும் கஷ்டம்தான், ஆனால் முன் ஜன்னல் பக்கம் நின்றால் தெளிவாகக் கேட்கிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டோம். ஒரு பக்கம் நான் தூக்கினேன், இன்னொரு பக்கம் திருமூர்த்தி.

பிரவீணாவிடம் மூன்றாவது நம்பர் கொடுத்தாயிற்று. "இவர் உறவுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

கம்பெனி ஆட்கள் வந்து பார்த்து, எட்டு மாடிக் கட்டடத்தின் மேலேயே எங்கள் சந்தைப் பார்த்தபடி முறைப்படி ஒன்றை மாட்டினார்கள். பூஜை அறையில்கூட மூன்று கட்டம். அந்தப் புகார் மெஷினிடம் ஒரு மாதம் கத்தியும் நடக்காதது, ஓர் அதிகாரி நேர்மையாக எழுதிய ஒரு ரிப்போர்ட்டில் நடந்திருக்கிறது. அந்த அம்மா பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும்.

நாளையிலிருந்து டயாலிசிஸுக்கு ஆட்டோ கிடையாது, திருமூர்த்தி கார்தான். பணத்தைப் பற்றிப் பேசினால் மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவேன் என்கிறான்.

ஜூலை 23, புதன்

புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அங்கிள், பிரவீணா பேசறேன். ஆன்ட்டி எதுவும் சாப்பிட்டாங்களா? சாப்பிட வேண்டாம். உடனே கிளம்பி வாங்க."

ஒவ்வொரு எழுத்தும் மணி மாதிரி கேட்டது. சரிங்கம்மா சரிங்கம்மா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஹாரன். எங்கள் லைன் பிஸியாக இருந்தால் என்ன செய்வது என்று திருமூர்த்தியையும் வேறொரு போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். பின் சீட்டில் சவாரிக்கு வந்த ஓர் ஐயா உட்கார்ந்திருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்புறமா என்னை எங்க வேணுமோ இறக்கி உடுப்பா" என்று முன் சீட்டுக்கு மாறிக்கொண்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வசந்தாமணியை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். திருமூர்த்தி போகமாட்டேன் என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பைக்குள் இந்த டைரியை யார் போட்டது என்று தெரியவில்லை. அவளாகத்தான் இருக்கும். எழுதுவது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

கிட்னி வேலை செய்கிறது. டாக்டர் வெளியே வந்து சிரித்தார். அவர் காலில் விழப்போனேன், திருமூர்த்தி பிடித்து நிறுத்திவிட்டான்.

கொடுத்தது யார் என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம். விபத்தில் அடிபட்டவர் என்று மட்டும் சொன்னார்கள். அந்த வீட்டிலும் ஒரு போன் அடித்திருக்கும். இரண்டு மாதமாக ஒரு போனையும் தவறவிடக் கூடாது என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அந்தப் போன் வராமலே இருந்திருக்கக் கூடாதா? அவ்வளவு துக்கத்திலும் சரி என்று சொன்னார்களே, அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது, எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். அவர்கள் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 27, ஞாயிறு

வசந்தாமணியைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். கிருமி தொற்றக் கூடாது என்று யாரையும் உள்ளே விடுவதில்லை. எங்கள் போன்களையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. துணியை எடுத்துப்போக மதியம் வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. நர்ஸ் பிள்ளை தன் போனைக் கொடுத்திருக்கிறாள்.

"ஏனுங்க, நான்தான். சாப்புட்டீங்களா?"

எண்பது வயதுக் கிழவி மாதிரி ஆகியிருந்த குரல் போய், பழைய குரல். பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போலத் தெளிவாக இருந்தது.

"டாக்டரு நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லிப்போட்டாருங்க. ஒரு சொம்பு குடிச்சேன். இன்னொண்ணு கேட்டேன், அதும் குடுத்தாங்க. கேக்குதுங்களா?"

கேட்டது.

"ஹலோ? ஏனுங்க? ஹலோ! லைன்ல இருக்கறீங்களா?"

இருந்தேன்.

"ஹலோ... அட, இந்தக் கம்பெனிக்காரனுக இன்னும் சிக்னலைச் சரி பண்ணலை போலிருக்குதே..."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பேசவில்லை.